அரைச் சிரட்டைக் கஞ்சி

நாரந்தனையில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்து, பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்து முடிந்ததும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊரான நெடுந்தீவுக்குப் புறப்பட அவசரப்பட்டாள். கார்த்திகை மாதம். வானம் நாட்கணக்காக மூடிக் கிடந்தது. இன்னும் கொஞ்ச நாள் நின்று போகச் சொல்லி அக்கா மறித்தாள். அம்மா கேட்கவில்லை. எங்கள் மாடுகள் வீட்டில் நின்ற தகப்பனை, ஐயாவை, பால் கறக்க விடாது. அவர் கை வைத்தால் உதைக்கும். அந்தக் கவலைதான் அவளுக்கு.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முந்திய கதை இது. இளைய மகளான எனக்குப் பதினெட்டு வயது நடந்துகொண்டிருந்தது. ஊர்காவற்றுறையில் இருந்து நெடுந்தீவுக்குப் பாய் கட்டிய வத்தையில்தான் போகவேண்டும். அன்றைய வத்தையில் அதை ஓட்டும் தண்டையலும் அவருடைய ஆட்கள் இருவரும் இருந்தார்கள். தெற்கே கடை வைத்திருந்த முதலாளி ஒருவர், நெடுந்தீவில் இருந்த தம்பியின் கடைக்கு அரிசி மூடைகள் ஏற்றிக்கொண்டு வந்தார். கால் விளங்காத ஒரு வேதக்காரக் கிழவர் கழுத்தில் சிலுவையும் கையில் தடியுமாக முன்பக்கத்து அணியத்தில் இருந்தார். கிணறு வெட்டும் வேலைக்குப் போகும் ஒருவனும், கைப்பிள்ளையோடு அவன் மனைவியும் பின்பக்கத்துக் கடையாரில் ஒதுங்கியிருந்தார்கள். நாங்கள் குந்தும் பலகையில் அவர்கள் குந்தக்கூடாத காலம் அது.

அரைவழி தாண்டியதும் வாடைக்காற்று முறுகியது. பாய் கிழிந்தது. நெடுந்தீவின் பனைகள் மழைக்குள்ளால் எங்களைக் கடந்துபோவதைக் கண்ணால் கண்டோம். ஒன்றும் செய்ய முடியவில்லை. வத்தை தாழத் தொடங்க, தண்டையலின் ஆட்கள் மூடைகளைக் கடலில் தள்ளினார்கள். முதலாளி அவர்களுடைய கையைப் பிடித்து இழுத்து அழுதார். கடைசியில் கச்சதீவின் பாரில், கடலடிப் பாறையில், வத்தை மோதிப் பிளந்தது. ஆளையாள் பிடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் கரையேறினோம். ஒருவரும் சாகவில்லை. ஒரு மூடை அரிசியும், அம்மா அக்காவின் வீட்டில் இருந்து கொண்டுவந்த வெந்நீர்க் கிடாரமும் மிஞ்சின. தண்டையலின் மடியில் மூடி இறுகிய தகரப் பேணிக்குள் நெருப்புப் பெட்டி நனையாமல் இருந்தது.

கச்சதீவில் மனிதர் இல்லை. திருநாளுக்கு மட்டும் சனம் வந்துபோகும் சின்ன வேதக்கோயில் ஒன்று இருந்தது. அதன் கூரை ஓலை பாதி பறந்துவிட்டது. மிச்சப் பாதியின் கீழ் எல்லோரும் ஒடுங்கினோம்.

மறுநாள் காலையில் தண்டையல் கரையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"வத்தையைப் பொருத்த ஏலாது. தை பிறந்து வாடை அடங்குமட்டும் ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டினம்," என்றார். "ஊரிலை எங்களைச் செத்துப்போச்சினம் எண்டுதான் நினைப்பினம்."

அப்போதுதான் எல்லோரும் அந்த மூடையைப் பார்த்தோம்.

"அது என்ரை மூடை," என்றார் முதலாளி. "மற்றதெல்லாம் கடலிலை தள்ளிப் போட்டியள். இதையாவது நான் கேட்டுத்தான் தொடவேணும்."

தண்டையலின் ஆட்களில் இளையவன் எழுந்தான். அம்மா அவனுக்கு, இரு என்று கையைக் காட்டினாள். அவள் பெரிதாகச் சத்தம் போடும் மனுசி இல்லை. ஆனால் எங்கள் ஊரில் மாடு வேலி பாய்ந்தாலும், பங்குக் கிணற்றில் தகராறு வந்தாலும், பெண்டுகள் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். தாயென்றும் பார்க்காமல், பிள்ளையென்றும் பார்க்காமல் அவள் சொல்வாள் என்ற நம்பிக்கை. உண்மையில் அப்படித்தான் சொல்வாள். எனக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தாலும் அப்படித்தான். அவள் மடியில் போய் விழுந்து அழுதால் வழக்கு வெல்லலாம் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை.

"தம்பி, உம்மடை மூடைதான்," என்றாள் முதலாளியிடம். "ஆனால் அதைக் கரைக்கு இழுத்தது ஆர்? நீர் மட்டுமோ? நீர் வாந்தியெடுத்துக்கொண்டு கிடந்தனீர். இந்தக் கிணறு வெட்டிறவன் தோளிலை வைச்சு இழுத்தவன். மூடை உம்மடை, கிடாரம் என்ரை, நெருப்புத் தண்டையலின்ரை. தனித்தனிய வைச்சிருந்தால் ஆர் தின்னலாம், சொல்லும்?"

எல்லாவற்றையும் சேர்த்துப் பங்கிடச் சம்மதமோ என்று அம்மா ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லோரும் ஓம் என்ற பிறகுதான் முதல் ஒழுங்கைச் சொன்னாள். ஒரு கிடாரம், ஒரே கஞ்சி, ஆளுக்கு ஒரு சிரட்டை, ஒரு நேரம். பால் குடிக்கும் பிள்ளையும் ஓர் ஆள். அதன் பங்கைத் தாய் குடிக்கவேண்டும்.

"அவைக்கும் எங்களுக்கும் ஒரே சிரட்டையோ?" என்று முதலாளி கடையாரில் இருந்து வந்த அந்தக் குடும்பத்தைப் பார்த்துக் கேட்டார்.

"வேறை சிரட்டை இருந்தால் எடுத்துத் தாரும்," என்றாள் அம்மா. வத்தையில் தண்ணீர் இறைக்க வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றுதான் இருந்தது.

அம்மாவைப் பற்றி எனக்கு அன்று வந்த பெருமையை நான் மறைக்கவில்லை. வீட்டில் அந்தச் சாதியாரைப் படலைக்கு வெளியே நிறுத்தித் தண்ணீர் வார்த்தவள் அவள். இங்கே எல்லோருக்கும் ஒரே அளவாக, தன் கையால் வார்த்தாள். முதல் சிரட்டை கைப்பிள்ளைக்காரிக்கு. கடைசிச் சிரட்டை தனக்கு.

மழை பெய்ததால் குடிக்கத் தண்ணீர் கிடைத்தது. கடல் வற்று நேரத்தில் பாரில் மட்டியும் நண்டும் கொஞ்சம் அகப்பட்டன. அவற்றைத் தணலில் சுட்டு, தின்கிறவர்கள் பங்கிட்டுத் தின்றார்கள். நாங்கள் சைவம். எனக்கு அம்மாவே ஒரு மட்டியை உடைத்துத் தந்து, "ஆபத்துக்குப் பாவமில்லை, தின்," என்றாள். தான் தின்னவில்லை. எத்தனை சொல்லியும் வாயில் வைக்கவில்லை.

சில நாட்களில் கைப்பிள்ளைக்காரி மயங்கி விழுந்தாள். நான்தான் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். விசாரித்தபோது, தன் கஞ்சியை ஒளித்துக் கொண்டுபோய்ப் புருசனுக்குக் கொடுத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவன் பெரிய உடம்புக்காரன். விறகுக்காகத் தீவின் மற்றத் தொங்கல்வரை நடக்கிறவன். பசி தாங்காமல் வாங்கிக் குடித்திருக்கிறான். பிள்ளைக்குப் பால் வற்றிப்போய்விட்டது.

"நாச்சியார், நான்தான் குடுத்தனான். அவரைப் பேசாதையுங்கோ," என்று அவள் அம்மாவின் காலடியில் அழுதாள்.

அம்மா அவனைப் பேசவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டு இரண்டாவது ஒழுங்கைச் சொன்னாள். இனி வார்த்த கஞ்சியை எல்லோருக்கும் முன்னால், அந்த இடத்திலேயே குடிக்கவேண்டும். தன் பங்கை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது. பெற்றது பிறந்தது, கட்டினது என்று பார்க்கக்கூடாது.

"குடுக்க விட்டால் எப்பவும் குடுக்கிறவள்தான் சாவாள்," என்றாள். எல்லோரும் சரியென்றார்கள். எனக்கும் சரியாகத்தான் பட்டது. இப்போது யோசித்தாலும் அதில் பிழை காண முடியவில்லை.

மூன்றாவது ஒழுங்கு முதலாளியால் வந்தது. அவர் கோயிலுக்குள்ளே படுத்தே கிடந்தார். விறகுக்குப் போகமாட்டார். மட்டி பொறுக்கமாட்டார். மழைத்தண்ணீர் தேங்குவதற்குக் குழி தோண்டும்போதும் வரவில்லை. கஞ்சி நேரத்துக்கு மட்டும் எழும்பி வருவார். ஒருநாள் மத்தியானம் தண்டையலின் இளைய ஆள் அவருடைய சிரட்டையைத் தட்டிவிட்டான். கஞ்சி நிலத்தில் ஊற்றுண்டது. அடிதடியாகிவிட்டது. தண்டையல் நடுவே புகுந்து பிரித்தார்.

"அக்கா, இதுக்கும் ஒரு முடிவு சொல்லுங்கோ," என்றார் தண்டையல். "என்ரை பெடியள் குளிருக்கை நிண்டு வேலை செய்யிறாங்கள். படுத்துக் கிடக்கிறவருக்கும் அதே அளவெண்டால் நாளைக்கு அவங்களும் படுப்பாங்கள்."

அம்மா நேரமெடுத்து யோசித்தாள். வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சிரட்டை, செய்யாதவர்களுக்கு அரைச் சிரட்டை என்றாள். எல்லோருக்கும் சந்தோசம். இளைய ஆள் கையைத் தட்டினான்.

அப்போது கிழவர் தடியை ஊன்றி முன்னுக்கு வந்தார்.

"நானும் அரையோ, பிள்ளை?"

ஒருவரும் அவரை நினைக்கவில்லை. அம்மாவும் நினைக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. நெருப்பைப் பார்க்கும் வேலையைக் கைப்பிள்ளைக்காரி செய்துகொண்டிருந்தாள். அதற்கு இரண்டு பேர் தேவையில்லை.

"அண்ணை, உங்களுக்கு ஏலாதுதானே..." என்று அம்மா தொடங்கினாள்.

"அவருக்கு ஏலாதெண்டால் எனக்கும் ஏலாது," என்றார் முதலாளி. "எனக்கு நெஞ்சு நோகுது. வத்தை ஏறின நாள் துவக்கம் நோகுது. ஆர் வந்து பார்க்கப் போறியள்?"

அம்மா கிழவரைப் பார்த்தாள். பிறகு மூடையைப் பார்த்தாள். தை பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது.

"ஏலாதவைக்கும் அரைதான், அண்ணை. ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விடவேணும்."

"ஓம் பிள்ளை. நீ சொன்னால் சரி," என்று சொல்லிவிட்டுக் கிழவர் தன் மூலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவருக்குக் கஞ்சி வார்க்கும்போது அம்மா அவர் முகத்தைப் பார்த்ததை நான் காணவில்லை. முதலாளியோ அடுத்த நாளே எழும்பி விறகுக்குப் போனார். ஆக, அரைச் சிரட்டை குடித்தது கிழவர் ஒருவர்தான்.

எல்லோரும் வேலைக்குப் போனதால் அம்மாவும் போனாள். கஞ்சி காய்ச்சுவதை வேலையாகக் கணக்குப் பார்க்க அவளுக்கு மனமில்லை. மட்டியை வாயிலும் வைக்காதவள், மற்றவர்களுக்காக மட்டி பொறுக்கப் பாரில் இறங்கினாள். அங்கே கூரான முருகைக்கல் அவளுடைய பாதத்தைக் கிழித்தது. பெரிய வெட்டில்லை. கடல்தண்ணீரில் கழுவி, சேலைத்தலைப்பைக் கிழித்துக் கட்டிவிட்டேன். அடுத்த நாளும் இறங்கினாள். அதற்கடுத்த நாள் கால் முழங்கால்மட்டும் வீங்கி, மேலெல்லாம் நெருப்பாகக் கொதித்தது. எழும்ப முடியவில்லை.

அன்று கஞ்சியைக் கைப்பிள்ளைக்காரி வார்த்தாள். அம்மாவுக்கு நிறையச் சிரட்டை கொண்டுவந்தாள்.

"அரை," என்றாள் அம்மா.

"நாச்சியார், காய்ச்சலிலை..."

"நான் இண்டைக்கு என்ன வேலை செய்தனான்? அரையை வார்த்துப்போட்டு மிச்சத்தைக் கிடாரத்திலை ஊத்து."

எனக்குப் பொறுக்கவில்லை. தண்டையலிடம் ஓடினேன். அவர் எல்லோரையும் அம்மாவைச் சுற்றிக் கூட்டினார்.

"அக்கா, நாங்கள் எல்லாரும் பேசிப்போட்டம்," என்றார். "ஒழுங்கு வைச்சது நீங்கள். எங்களைக் காப்பாத்தினதும் நீங்கள். உங்களுக்கு முழுச் சிரட்டை தரவேணும். ஒருத்தருக்கும் மறுப்பில்லை."

"எனக்கும் மறுப்பில்லை," என்றார் முதலாளி. நடிக்கவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார்.

அம்மா சுவரில் சாய்ந்து நிமிர்ந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அவருக்கும் முழுசோ?" என்று கேட்டாள்.

எல்லோரும் கிழவரைப் பார்த்தோம். அவர் மூலையில் குந்தியிருந்தார். கன்ன எலும்பு வெளியே தள்ளி, கண் உள்ளே போயிருந்தது. தண்டையலும் ஆட்களும் மூடைப் பக்கம் திரும்பினார்கள். அது பாதிக்குக் கிட்ட இறங்கியிருந்தது. தை பிறக்குமட்டும் அது காணுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. ஒருவருக்கு விட்டுக்கொடுக்க எல்லோரும் ஆயத்தம். இரண்டு பேருக்கு என்றதும் பேச்சு நின்றுவிட்டது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்கவேண்டாம். சொன்னேன். "அவருக்கும் குடுங்கோ, இரண்டு பேருக்கும் குடுங்கோ," என்று கத்தினேன். ஒருவரும் சிரட்டையை எடுக்கவில்லை.

"கண்டியோ?" என்றாள் அம்மா. என்னிடம் இல்லை, தண்டையலிடம். "அப்ப எனக்கும் வேண்டாம்."

அடுத்த நாள் என் சிரட்டையை வாங்கி, குடிக்கிற மாதிரிக் காட்டி, அவளுடைய வாயில் வைத்தேன். பல்லை இறுக்கிக்கொண்டாள். நான் தலையைப் பிடித்து ஊற்றப் பார்த்தேன். கஞ்சி அவளுடைய நாடியால் வழிந்து மண்ணில் விழுந்தது.

"சிந்தாதை!" என்று கோபித்தாள். "ஒரு ஆளின்ரை சீவன் அது."

"உங்கடை சீவன் என்ன, அம்மா? அதுக்கு ஒரு கணக்கும் இல்லையோ?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நேரம் எனக்கு அவள்மேல் வந்தது இரக்கம் இல்லை. வெறுப்பு. அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்தபடியே வெறுத்தேன்.

பிறகு அவளுக்கு அறிவு தடுமாறியது. மாட்டின் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போது கொடுத்தால் குடிப்பாள் என்று நினைத்து மீண்டும் கொடுத்தேன். தொண்டையில் இறங்கவில்லை. ஒரு காலை நேரத்தில், மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தபோது, மூச்சு நின்றுவிட்டது. கைப்பிள்ளைக்காரிதான் முதலில் கண்டாள். அவள் வைத்த ஒப்பாரியைக் கேட்டுத்தான் நான் திரும்பினேன்.

எரிக்க விறகில்லை. கஞ்சிக்கே ஈர விறகை ஊதி ஊதித்தான் எரித்தோம். எங்கள் குடும்பத்தில் ஒருவரையும் புதைத்ததில்லை. கிணறு வெட்டுகிறவன் உடைந்த பலகையால் குழி தோண்டினான். ஈர மணல் சரிந்து சரிந்து விழுந்தது. கிழவர் தன்னுடைய செபத்தைச் சொன்னார். சொல்லத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். எனக்கு ஒரு தேவாரமும் வாயில் வரவில்லை.

அன்று பின்னேரம் எனக்குக் கஞ்சி தந்தார்கள். எனக்குரிய முழுச் சிரட்டை. எல்லோருக்கும் முன்னால் குடிக்கவேண்டும் என்பதால் குடித்தேன்.

வாடை அந்த வருடம் தை பிறக்கும்வரை காத்திருக்கவில்லை. அம்மாவைப் புதைத்து ஒரு கிழமை ஆகமுன்பே காற்று விழுந்தது. கடல் தட்டையாகக் கிடந்தது. தண்டையலின் ஆட்கள் பச்சை ஓலை போட்டு எழுப்பிய புகையைக் கண்டு, நெடுந்தீவு மீன்பிடி வள்ளம் ஒன்று வந்தது. எங்களை ஏற்றும்போது மூடையையும் ஏற்றினார்கள். அதைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதற்குள் கிடந்தது எத்தனை பேருக்கு எத்தனை நாள் கஞ்சி என்று யோசிக்க நான் துணியவில்லை. கிழவரும் அந்த மூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை வள்ளத்துக்குள் தூக்கித்தான் வைத்தார்கள்.

வள்ளம் வருவதைக் கண்டு நெடுந்தீவுக் கரையில் கூடிய சனத்துக்குள் ஐயா நின்றார். நாங்கள் செத்துப்போனோம் என்று எங்களுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்து முடித்து, மொட்டை அடித்திருந்தார். என்னைக் கண்டதும் ஓடிவந்தார். எனக்குப் பின்னால் பார்த்தார். வள்ளத்துக்குள் பார்த்தார். நான் சொல்லத் தொடங்கமுன்பே முதலாளியின் தம்பி ஆட்கள் மூடையை இறக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள்.

"உதென்ன, அரிசியோ?" என்று ஐயா கேட்டார்.

"ஓம் ஐயா."

"உங்களுக்குத் தின்ன அரிசி இருந்ததோ?"

"இருந்தது."

"அப்ப அம்மா?"

என்னால் அவருக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. அன்றும் முடியவில்லை, பிறகும் முடியவில்லை. காயத்தாலே செத்தா என்று சொன்னேன். அது பொய்யில்லை. காயம் கொன்றதா, அரைச் சிரட்டை கொன்றதா என்று எனக்கே தெரியாது. முழுச் சிரட்டை குடித்திருந்தாலும் செத்திருப்பாள் என்று ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி அப்போதிக்கரி பின்னொரு நாள் சொன்னார். சமாதானத்துக்காகச் சொன்னாரோ, தெரிந்துதான் சொன்னாரோ.

தண்டையல் ஊரெல்லாம் கதையைச் சொன்னார். அம்மா இல்லாவிட்டால் ஒருவரையொருவர் கொன்றிருப்போம் என்றார். சனம் எங்கள் வீட்டுக்கு வந்து அவளைப் புகழ்ந்தது. அதைக் கேட்கும்போது ஐயா எழும்பி மாட்டுப் பட்டிக்குப் போய்விடுவார். சில பெண்டுகள் தங்கள் வேலிச் சண்டையை என்னிடம் கொண்டுவந்தார்கள், அவளுடைய மகள் என்று. எனக்குத் தெரியாது, போங்கோ என்று படலையைச் சாத்தினேன். அடுத்த ஆவணியில் எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். ஐயாவைத் தனியே விட்டுப் போக ஏலாது என்று மறுத்தேன். உண்மையில் ஒரு வீட்டில் சோறு போட்டுப் பங்கிடும் மனுசியாக இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒருநாள் அந்தக் கிழவர் தடியை ஊன்றி எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வீடு தீவின் மேற்குக் கரையில். நல்ல தூரம். கதிரை போட்டேன். குந்தவில்லை.

"உனக்கு ஒண்டு சொல்லவேணும் எண்டு வந்தனான், பிள்ளை," என்றார். "கொம்மா முழுச் சிரட்டையை வாங்கியிருக்கலாம், நான் ஒண்டும் சொல்லியிருக்கமாட்டன் எண்டு நீ நினைப்பாய்."

நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பில்தான் அவளை வெறுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்லியிருப்பன்," என்றார் அவர். "அண்டைக்கு எல்லாரும் அவவுக்கு ஓமெண்டு சொல்லேக்கை, நான் மூலையிலை இருந்து பார்த்துக்கொண்டிருந்தனான். அவ குடிச்சால் எழும்பிக் கேக்கிறது எண்டு தடியைப் பிடிச்சபடி இருந்தனான். எனக்குப் பசி. காலிலை விழுந்தெண்டாலும் கேட்டிருப்பன். எனக்குத் தந்திருந்தால் முதலாளி விட்டிருப்பாரோ? பிறகு ஆர் ஆரை மறிக்கிறது?"

அப்போ அவள் சரிதான். அவள் செய்தது சரியில்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை மாதம் நாட்களைக் கடத்தியிருந்தேன். அந்தக் கிழவர் நல்ல எண்ணத்தோடு வந்து அதையும் எடுத்துவிட்டார்.

"தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார். வந்த வழியே, கல் வேலியைப் பிடித்துப் பிடித்து மெல்லப் போனார். ஐயா பட்டியில் இருந்து வந்து, யார் வந்து போனது என்று கேட்டார். வேதக்கார அண்ணை என்றேன். என்னவாம் என்றார்.

"சும்மாதான்," என்றேன்.